கல்வெட்டு படிக்கக் கத்துக்குடுக்கிற ரெண்டு நாள் வகுப்பு, போய்ட்டு வந்து எழுதுறேன்

உத்திரமேரூருக்கு இதுக்கு முன்னாடி மூணு தடவ போயிருக்கேன். மூணு தடவயும் ஒரே கதைதான், வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபத்தச் சுத்தி வர்றது, தொல்லியல் துறை போர்டப் படிக்கிறது, செவுத்துல வரிவரியா எழுத்து போறத போட்டோ எடுக்கிறது, அப்டியே காஞ்சிபுரம் போயி சாப்டுட்டு வீட்டுக்கு வந்துர்றது. அந்தச் செவுத்துல இருந்த ஒரு எழுத்தக்கூட நான் படிச்சதில்ல. தமிழ்நாட்ல பொறந்து தமிழ்லயே படிச்சு வளந்த எனக்கு முன்னாடி தமிழ்லதான் எழுதி வச்சிருக்காங்க, ஆனா எனக்கு அது வெறும் கீறல். இந்த வலி ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. அதனாலதான் கல்வெட்டு வாசிக்கிறதுக்கு ரெண்டு நாள் வகுப்புன்னு வாட்ஸப்ல ஒரு நோட்டீஸ் வந்ததும் யோசிக்காம பணம் கட்டினேன்.

நடத்துனவங்க பேர இங்க போடல, சின்ன குழு, குறையும் சொல்லப்போறேன், அதனால வேணாம். 2 நாளைக்கு 1,800 ரூபா. சனிக்கிழம சென்னைல ஒரு ஹால்ல வகுப்பு, ஞாயித்துக்கிழம வேன்ல உத்திரமேரூர். மதியச் சாப்பாடு, டீ, ஒரு ஜெராக்ஸ் புக்கு எல்லாம் அதுலயே அடக்கம். நாங்க 25 பேரு இருந்தோம். காலேஜ் பசங்க நாலஞ்சு பேரு, ஐடில வேல பாக்கறவங்க, ரிட்டையர் ஆனவங்க, தான் பொறந்த ஊரு கோயில்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னே வந்த ஒரு அம்மா. சொல்லிக்குடுத்தவரு கல்வெட்டுத் துறைல ரொம்ப வருஷம் வேல பாத்து ரிட்டையர் ஆனவரு. எல்லாரும் ஐயான்னு கூப்ட்டோம்.

மொதல் நாள் காலைல நடந்தது எனக்கு அவ்வளவா பிடிக்கல, அத மொதல்லயே சொல்லிர்றேன். ரெண்டு மணி நேரத்துல ரெண்டாயிரம் வருஷத்த ஓட்டுனாங்க. மதுரைப் பக்கம் மாங்குளம் குகைல 1882ல ராபர்ட் சீவெல் தமிழி எழுத்த, அதான் தமிழ் பிராமின்னு சொல்ற ரொம்பப் பழைய எழுத்த, பாத்தது, அத பின்னாடி ஐராவதம் மகாதேவன் மாதிரி ஆளுங்க படிச்சு நெடுஞ்செழியன்ங்கிற பேரு அதுல இருக்குன்னு சொன்னது, புகளூர்ல சேர ராஜாக்கள் பேரு, அப்புறம் பூலாங்குறிச்சி, வட்டெழுத்து, பல்லவர் காலம்னு ஸ்லைடு மேல ஸ்லைடு. ஒவ்வொன்னும் ஒரு நாள் ஒக்காந்து கேக்க வேண்டிய விஷயம். எழுதிக்கவே நேரம் இல்ல, பின் வரிசைல மைக்கும் சரியா கேக்கல. இத ஒரு வீடியோவா முன்னாடியே அனுப்பிட்டா அந்த ரெண்டு மணி நேரமும் எழுத்துப் பயிற்சிக்குக் கெடைக்கும்.

டீக்கு அப்புறம்தான் வகுப்புக்கு உயிர் வந்துச்சு. ஐயா ஸ்லைடெல்லாம் நிறுத்திட்டு போர்டுல சாக்பீஸ்ல எழுத ஆரம்பிச்சாரு. மொதல் பாடம் புள்ளி. பழைய கல்வெட்டுல பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கெடையாது. அதனால "கல்"னு எழுதினாலும் "கல"ன்னு எழுதினாலும் கண்ணுக்கு ஒன்னுதான். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது, ஒகரம் ஓகாரமும் அப்டிதான். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். வார்த்தைக்கு வார்த்த எடைவெளியே கெடையாது, ஒரே கோடா போயிட்டே இருக்கும், கல்லு முடியற எடத்துல வார்த்தைய பாதில ஒடச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போயிருப்பாங்க. அப்ப எப்டித்தான் படிக்கிறதுன்னு ஒரு பொண்ணு கேட்டாங்க. அதுக்கு ஐயா சொன்னது, "எழுத்த மட்டும் பாக்காதம்மா, வாய்விட்டுச் சொல்லிப்பாரு, காது கண்டுபிடிச்சுரும்". அது சத்தியமான வார்த்த. முணுமுணுன்னு சொல்லிட்டே போனா நாலாவது அஞ்சாவது எழுத்துல திடீர்னு ஒரு தமிழ் வார்த்த காதுல விழும். அந்த நிமிஷம் இருக்கே, அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு.

பயிற்சிக்குன்னு அவரு எடுத்த மொதல் கல்லு எடுத்தனூர் நடுகல், அதாவது சண்டைல செத்தவனுக்கு நட்ட கல்லு. திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவனோட 34வது ஆட்சியாண்டு. நம்ம எல்லாரும் குகைக்கோயில் பத்திப் பேசும்போது சொல்ற அதே மகேந்திரவர்மன் காலத்துலதான், ஒரு மூலைல, எருமை மேய்க்கிற எடத்துல நடந்த கதை இது. கருந்தேவகத்தின்னு ஒருத்தன், தன்னோட எருமைங்களக் காப்பாத்தப் போயி சண்டைல செத்துட்டான். அவனுக்குக் கல்லு நட்டிருக்காங்க. அது வழக்கமா நடக்கிறதுதான். ஆனா அந்தக் கல்லுல அவன் பக்கத்துலயே ஒரு நாயையும் செதுக்கி, அதுக்குன்னு தனியா எழுதியிருக்காங்க. "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு." அவ்ளோதான் வாசகம். வந்த திருடன்ல ரெண்டு பேர கடிச்சிட்டு, எஜமான் பொணத்துக்குப் பக்கத்துலயே காவலா இருந்திருக்கு.

இத நான் ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சேன். கோ, வி, வ, அடுத்தது "ன்"னா "ன"வான்னு முழிச்சு, அப்புறம் "என்னும் நாய்"னு வந்ததும் ஹால்ல எல்லாரும் ஒரே நேரத்துல நிமிந்து பாத்தோம். எனக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்த தபால் துறைல ரிட்டையர் ஆன அண்ணன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. 1,300 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஊரு ஆளுங்களுக்கு ஒரு நாயோட பேரு மறந்துறக்கூடாதுன்னு தோணியிருக்கு, உளி எடுத்து கல்லுல வெட்டியிருக்காங்க. ராஜா பேரும் நாய் பேரும் ஒரே கல்லுல. தொல்காப்பியத்துல நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்துன்னு ஆறு படி சொல்லியிருக்கு, கல்லத் தேடிப் பாக்கறதுல ஆரம்பிச்சு கடேசில வாழ்த்திப் பாடுறது வரைக்கும். ஸ்கூல்ல அத மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிருக்கேன். அது இப்டி ஒரு ஆளுக்கு, ஒரு நாய்க்கு ஊரே சேந்து செஞ்சதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

மத்தியானத்துக்கு மேல மைப்படி எடுக்கக் கத்துக்குடுத்தாங்க, அதாவது கல்லுல இருக்கிற எழுத்த மை வச்சு தாள்ல பிரதி எடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட கோயில்ல அனுமதி இல்லாம நாம கை வைக்கக்கூடாது, அதனால பயிற்சிக்குன்னே எழுத்து வெட்டின ஒரு கருங்கல் பலகைய ஹால்லயே வச்சிருந்தாங்க. செய்யறது இப்டி. மொதல்ல கல்ல தண்ணி ஊத்தி பிரஷ்ஷால நல்லாத் தேச்சுக் கழுவணும், எழுத்துக்குள்ள இருக்கிற மண்ணு போகணும். அப்புறம் தாள தண்ணில நனச்சு கல்லு மேல சுருக்கம் இல்லாம ஒட்டணும். அப்புறம் அடர்த்தியா முடி இருக்கிற கெட்டி பிரஷ்ஷால தட்டிக்கிட்டே வரணும், ஈரத்தாளு எழுத்துப் பள்ளத்துக்குள்ள எறங்கும், ஓவரா அடிச்சா கிழிஞ்சுரும், லேசா அடிச்சா எறங்காது. கொஞ்சம் ஈரம் வத்தினதும் துணிப்பந்துல மையத் தொட்டு மேலாப்புல ஒத்தி எடுக்கணும். மேடா இருக்கிற எடமெல்லாம் கருப்பாயிரும், பள்ளத்துக்குள்ள எறங்கின எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும். நான் ஒத்தும்போது மொதல்ல ஒன்னுமே தெரியல, ஒரே கருப்பு. அப்புறம் ஓரத்துல ஒரு "ம" வெள்ளையா எந்திரிச்சு வந்துச்சு பாருங்க. காஞ்சதும் உரிச்சு எடுத்து கைல வச்சா கல்லோட சொரசொரப்பே தாள்ல இருந்துச்சு. அத ஃப்ரேம் போட்டு வீட்ல மாட்டியிருக்கேன்.

இந்த மாதிரிதான் 1880கள்ல அரசாங்கக் கல்வெட்டு அறிஞரா இருந்த ஹுல்ச் காலத்துலேர்ந்து ஊரு ஊராப் போயி மைப்படி எடுத்திருக்காங்க, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மொதல் தொகுதி 1890ல வந்துச்சு. அப்ப மாட்டு வண்டில போயி ஒவ்வொரு செவுரா ஈரத்தாளு ஒட்டினவங்க யாருன்னு நமக்குப் பேரு கூடத் தெரியாது. இன்னிக்கு சில கோயில்ல கல்லு ஒடஞ்சு போச்சு, இல்ல திருப்பணில எடம் மாறிப்போச்சு, அந்தத் தாள் மட்டும்தான் மிச்சம்.

சனிக்கிழமையோட குறைங்கள இங்கயே முடிச்சுர்றேன். கிரந்தத்துக்கு, அதாவது இங்க சமஸ்கிருதம் எழுதப் பயன்படுத்தின எழுத்துக்கு, வெறும் 40 நிமிஷம் குடுத்தாங்க, அது பத்தவே பத்தாது, ஏன்னா மறுநாள் நாங்க படிச்ச கல்வெட்டு பூரா தமிழுக்கு நடுவுல கிரந்த எழுத்து கலந்து கலந்துதான் வருது. ஜெராக்ஸ் புக்குல பாதி படம் கருப்பா அப்பியிருக்கு, எழுத்து எது கல்லு எதுன்னே தெரியல. எழுத்த நம்பி நடத்துற வகுப்புல அது பெரிய குறை. 1,800 வாங்கினா பத்து பக்கத்தயாவது நல்ல தாள்ல பிரிண்ட் போட்டுக் குடுக்கணும். சாப்பாடு ரெண்டரைக்குத்தான் வந்துச்சு, சுகர் இருக்கிற பெரியவங்க கஷ்டப்பட்டாங்க. இதெல்லாம் நேர்லயும் சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க.

ஞாயித்துக்கிழம. காலைல அஞ்சு மணிக்கே வேன் கெளம்பிருச்சு, இது ரொம்ப நல்ல முடிவு. கல்வெட்டு பாக்கறதுக்கு வெயில் சாஞ்சு விழணும். உச்சி வெயில்ல எழுத்தும் கல்லும் ஒன்னாயிரும். காலைலயும் சாயங்காலமும் வெளிச்சம் பக்கவாட்டுல வரும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நெழலு விழுந்து செவுரே பேசுற மாதிரி இருக்கும். வெயில் வராத எடத்துக்கு டார்ச்ச செவுத்தோட ஒட்டி சாச்சுப் பிடிக்கச் சொன்னாங்க. சாக்பீஸ் பொடியோ மாவோ தேய்க்கிறது கூடவே கூடாதுன்னு ஐயா கண்டிப்பா சொல்லிட்டாரு, அது உள்ள தங்கி கல்லக் கெடுத்துரும்.

நான் மூணு தடவ வந்து போன அதே செவுருதான். குனிஞ்சு டார்ச்ச சாச்சுப் பிடிச்சேன். "மதிரை கொண்ட கோப்பரகேசரி". மதுரைன்னு எழுதாம மதிரைன்னு வெட்டியிருக்கு, அப்ப அப்டிதான் எழுதியிருக்காங்க. இது மொதலாம் பராந்தக சோழன், மதுரைய ஜெயிச்சதால "மதிரை கொண்ட"ங்கிற பட்டம். அவனோட 12வது ஆட்சியாண்டுல ஒன்னு, 14வது ஆண்டுல ஒன்னுன்னு ரெண்டு கல்வெட்டு, அதாவது 919, 921. ரெண்டுமே இந்த ஊரு, அப்ப உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், அதோட சபை எடுத்த தீர்மானம். ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட விதி சரியா வரலன்னு திருத்தி மறுபடி வெட்டி வச்சிருக்காங்க. வாரியத்துல, அதாவது சபையோட குழுவுல, சேர்றதுக்கு வயசு மொதல்ல 30லேர்ந்து 60, அடுத்ததுல 35லேர்ந்து 70. தப்புப் பண்ணா ஒத்துக்கிட்டு மாத்தியிருக்காங்க, மாத்தினதயும் எல்லாருக்கும் தெரியற மாதிரி செவுத்துல எழுதியிருக்காங்க.

வாரியத்துக்கு யாரு வரலாம்னு விதி. ஊரு முப்பது குடும்பா பிரிஞ்சிருக்கு, குடும்புன்னா இப்ப வார்டுன்னு சொல்றோமே அது. கால் வேலிக்கு (வேலிங்கறது பழைய நெல அளவு) மேல வரி கட்ற நெலம் இருக்கணும், சொந்த மனைல வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும், மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்திருக்கக்கூடாது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்க உரை) சொல்லத் தெரிஞ்சா அரைக்கால் வேலி போதும். அடுத்தது யாரு வரக்கூடாதுன்னு ஒரு பட்டியல், அதத்தான் நாங்க ரொம்ப நேரம் நின்னு படிச்சோம். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் மட்டும் இல்ல, அவனோட சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமன் பிள்ளைங்க, தாய்மாமன், சித்தப்பா பெரியப்பா, மாமனாரு, அக்கா தங்கச்சி வீட்டுக்காரரு, மருமகன், அப்பா, பிள்ளைன்னு ஒரு சொந்தத்தயும் விடாம எழுதியிருக்கு. பொய்ப்பத்திரம் எழுதினவன், தண்டனையா கழுத மேல ஏறினவன், ஊர்ச்சொத்தத் திருடினவன் யாரும் கூடாது. கணக்குக் காட்டலன்னா உனக்கு மட்டும் இல்ல, உன் வம்சத்துக்கே கதவு மூடிரும். இத எழுதினவங்களுக்கு ஊர்ல எப்டித் திருடுவாங்கன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் குடவோலை எடுக்கிற மொற. ஒவ்வொரு குடும்புக்கும் பேரு எழுதின ஓலைங்கள கட்டாக் கட்டி குடத்துல போடுவாங்க. சபை பூரா பெரியவங்க சின்னவங்கன்னு எல்லாரும் கூடியிருக்கணும், ஊர்ல இருக்கிற நம்பிமாருங்க, அதாவது கோயில் பூசாரிங்க, அத்தன பேரும் இருக்கணும், அதுல வயசுல மூத்தவரு குடத்த எல்லாரும் பாக்கற மாதிரி தூக்கிக் காட்டணும். ஒன்னும் தெரியாத சின்னப் பையன விட்டு ஒரு கட்ட எடுக்கச் சொல்லி, அத வேற குடத்துல போட்டுக் குலுக்கி, அதுலேர்ந்து ஒரு ஓலைய எடுப்பாங்க. அந்த ஓலைய மத்தியஸ்தன், அதாவது நடுவுல நிக்கிற பொது ஆளு, எப்டி வாங்கணும் தெரியுமா, அஞ்சு விரலயும் அகல விரிச்சு உள்ளங்கைல வாங்கணும். கைக்குள்ள வேற ஓலைய மறச்சு வச்சு மாத்திரக்கூடாதுன்னு. வாங்கி வாசிக்கணும், அப்புறம் அங்க இருக்கிற நம்பிமாரு எல்லாரும் அதயே வாசிக்கணும். இந்த எடத்த ஐயா படிக்கும்போது அவரே கைய விரிச்சுக் காட்டினாரு. நாங்களும் எங்களயறியாம கைய விரிச்சோம். 1,100 வருஷத்துக்கு முன்னாடி ஊர்க்கூட்டத்துல ஒருத்தர் நின்ன மாதிரியே அதே செவுத்துக்கு முன்னாடி 25 பேரு உள்ளங்கைய விரிச்சு நிக்கிறோம்.

இப்டித் தேர்ந்தெடுத்தவங்கள்ல சம்வத்சர வாரியத்துக்கு (சம்வத்சரம்னா வருஷம்) 12 பேரு, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. 360 நாள் பதவி. பஞ்சவார வாரியம், பொன் வாரியம்னு தனியாவும் உண்டு. ஊருக்குத் தண்ணி குடுத்த ஏரிக்கு வைரமேகத் தடாகம்னு பேரு. ஏரிய பாத்துக்கன்னே ஆறு பேர ஓலை போட்டு எடுத்திருக்காங்கன்னா அந்த ஊருக்குத் தண்ணி எவ்ளோ பெரிய விஷயம்னு பாருங்க.

இந்த வகுப்புமேல எனக்கு மரியாத வந்ததுக்குக் காரணம் அடுத்து நடந்தது. ஒரு தம்பி "உலகத்துலயே மொதல் எலெக்ஷன் நம்மதுதானே ஐயா"ன்னு கேட்டான். நானும் அதத்தான் இத்தன வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். ஐயா கோவப்படல, மறுபடி செவுத்தக் காட்டினாரு. "என்ன எழுதியிருக்கோ அத சொல்லு தம்பி. இது பிராமணர்களுக்குக் குடுத்த ஊரு, சபைல நெலம் இருக்கிற அவங்க மட்டும்தான். பொம்பளைங்க கெடையாது, நெலத்துல வேல செஞ்சவன் கெடையாது. ஓட்டுப் போடல, குலுக்கல்தான். ஆனா பதவிக்குத் தகுதி, கணக்கு, சொந்தக்காரனுக்குத் தடை, எல்லார் முன்னாடியும் எடுக்கிற மொற, இதெல்லாம் இவ்ளோ விளக்கமா எழுதி வச்சது பெரிய விஷயம். இருக்கிறதே போதும், சேத்துச் சொல்லாத." பெருமைக்காக வளைக்காம சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடமா இருந்துச்சு.

அப்புறம் சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மூணு அடுக்கு விமானம், ஒவ்வொரு தளத்துலயும் சன்னதி, அருமையான எடம், ஆனா நேரமாயிருச்சுன்னு 40 நிமிஷத்துல வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க. அங்க இருக்கிற கல்வெட்ட நிம்மதியா பாக்க முடியல. தனியா ஒருநாள் போகணும்.

யாரு போலாம்னு கேட்டா, தமிழ் வேகமா படிக்கத் தெரிஞ்ச எல்லாரும் போலாம், சரித்திரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. ரெண்டு நாள்ல நீங்க கல்வெட்டு அறிஞர் ஆயிர மாட்டீங்க, அத யாரும் எதிர்பாக்க வேணாம். பத்துல மூணு நாலு வார்த்த பிடிபடும். ஆனா அந்த மூணு வார்த்தைய வச்சே இது தானமா, தீர்மானமா, யாரு காலம்னு ஓரளவு சொல்லிரலாம். சின்னப் பிள்ளைங்கள மொதல் நாளுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டாவது நாள் தாராளமா கூட்டிட்டுப் போங்க. டார்ச், தொப்பி, தண்ணி, முட்டி போட்டு ஒக்கார ஒரு பழைய துண்டு கண்டிப்பா எடுத்துக்கங்க, பாதி எழுத்து அதிட்டானத்துல, அதாவது கோயிலோட அடிபீடத்துல, முழங்காலுக்குக் கீழதான் இருக்கும். மொதல் நாளுக்கு 5க்கு 3 குடுப்பேன், ரெண்டாவது நாளுக்கு 5க்கு 5.

வகுப்பு முடிஞ்சு மூணாவது வாரம் எங்க அம்மாவோட ஊருக்குப் போனேன். சின்ன சிவன் கோயில், சின்ன வயசுல அந்தப் பட்டிக்கல்லு மேல ஒக்காந்துதான் சுண்டல் சாப்டுவோம். இப்ப அடிப்பகுதி பூரா காவியும் வெள்ளையும் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. தெக்குப் பக்கம் பெயிண்ட் உரிஞ்ச எடத்துல ஒரு சாண் அளவுக்கு எழுத்து தெரிஞ்சுது. டார்ச்ச சாச்சுப் பிடிச்சு முணுமுணுன்னு சொல்லிப் பாத்தேன். "சாவா மூவாப் பேரா". அதுக்கு மேல பெயிண்ட். சாவா மூவாப் பேராடு. நந்தா விளக்கு, அதாவது அணையாம எரியிற விளக்கு, எரிக்க கோயிலுக்குக் குடுக்கிற ஆடு, வழக்கமா ஒரு விளக்குக்கு 90 இல்லன்னா 96. ஒரு ஆடு செத்தா இன்னொன்னு விட்டு எண்ணிக்க கொறையாம வச்சுக்கணும், அதனால அதுக்குச் சாவும் இல்ல மூப்பும் இல்லன்னு அந்தப் பேரு.

குருக்கள் மாமாவக் கூப்ட்டு காட்டினேன். அம்பது வருஷமா அந்தக் கோயில்ல பூஜ பண்றாரு, அவருக்கே தெரியாது. "யாரு குடுத்தது, பேரு போட்ருக்கா?"ன்னு கேட்டாரு. பேரு பெயிண்டுக்கு அடில இருக்கு மாமான்னு சொன்னேன். வர்ற தை மாசம் திருப்பணி இருக்காம், மறுபடி பெயிண்ட் அடிக்கவும் மேல சேண்ட் பிளாஸ்டிங் பண்ணவும் பேசிட்டு இருக்காங்களாம். மணல அழுத்தமா அடிச்சா அழுக்கோட எழுத்தும் சேந்து போயிரும்னு சொன்னேன், அவரு ஊர்க்காரங்ககிட்ட பேசுறேன்னாரு. ஐயாவுக்கு அன்னிக்கு ராத்திரியே போட்டோ அனுப்பினேன், அடுத்த ஞாயித்துக்கிழம அவரே வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு.